களரி ஏறுமுன்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அந்நாட்டார் வழங்குவர். ஞாயிறு எழும் பக்கம் ஒன்று. படும் பக்கம் மற்றது. இத்துணை எளிமையாகத் தம் மண்ணுக்குப் பெயரிட்டவர்கள் கூத்திலும் வல்லவர்களாயிருப்பதில் வியப்பில்லை என்று எண்ணியவாறே, கடந்த சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றிலே மண்முனைப் பாலத்தைக் கடந்தோம். 2014 ஆம் ஆண்டில் இப்பாலம் திறக்கப்படுமுன் 'பாதை' எனப்பட்ட மிதவையிலேதான் மனிதரும் சைக்கிளும் நெல்மூட்டையும் இவ்விடத்தில் வாவியைக் கடந்தன. பாதைக்காகக் காத்து நின்ற வேளையில் ஊரார் ஒருவரையொருவர் நலம் விசாரித்து வெற்றிலை மாற்றிக்கொண்ட காலம் போய்விட்டதென்று எம்மை அழைத்துச் சென்ற ஆசிரிய நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். அப்படிக் குறைப்பட்டவர்தாம் தமது மோட்டார் சைக்கிளை ஓரிடத்திலும் நிறுத்தாது எம்மை அக்கரை சேர்த்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த வயல்களின் ஊடே சென்றது எமது வழி. நண்பரின் ஊரிலே அன்றிரவு கூத்து அரங்கேற்றம். இரவு முழுவதும் நடைபெறும் கூத்தை நாம் முன்னரும் பார்த்ததுண்டு. இம்முறை எமக்கு வேறோர் ஆசை. ஆட்டக்காரர் களரி ஏறுமுன் அவ்வூர் எவ்வாறு இருக்கின்றது, அவர்கள் எவ்வாறு இருக்கின்றார்கள் என்பதைப் பார்க்கவேண்டுமென்பதே அது. "அப்படியானால் பகலிலேயே வாருங்கள். ஆனால் ஒருவரும் உங்களோடு பேசமாட்டார்கள், எல்லாருக்கும் வேலை இருக்கும்," என்றார் நண்பர். அவர் சொன்னதில் முற்பகுதி மட்டுமே உண்மையாயிற்று. வேலை எல்லாருக்கும் இருந்தது. பேச்சும் எல்லாருக்கும் இருந்தது.

கோயிலின் முன்னுள்ள திடலிலே களரி ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. நகர மண்டபங்களில் மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த மேடையைப் பார்த்துப் பழகிய எம் கண்ணுக்கு வட்டக்களரி எப்போதும் புதுமையே. மண்ணை வட்டமாகக் குவித்து உயர்த்தி, அடித்து இறுக்கி, சுற்றிவரக் கம்பு நாட்டி, மேலே வெள்ளை கட்டியிருந்தார்கள். தென்னங்குருத்தும் மாவிலையும் கம்புகளிலே தொங்கின. பார்ப்போர் நான்கு புறமும் இருப்பர். ஆகவே ஆட்டக்காரனுக்கு முன்புறம் என்றும் பின்புறம் என்றும் ஒன்றில்லை. முன்னாளிலே பந்த வெளிச்சமும், பின்னர் பெற்றோமக்ஸும், இன்று மின்குமிழும் இதற்கு ஒளி தந்திருக்கின்றன. ஆயினும் இரண்டு பெற்றோமக்ஸ் விளக்குகளைத் துடைத்து எண்ணெய் வார்த்து ஒரு பக்கமாக வைத்திருந்ததைக் கண்டோம். மின்சாரம் நின்றால் கூத்து நிற்கக்கூடாதல்லவா?

களரிக்கு மண் போட்டவர்கள் சிறுவர்கள். அதன்மேல் நீர் தெளித்து மிதித்து மட்டம் பார்த்தவர் ஒரு முதியவர். கையிலே அளவுகோல் இல்லை. வெறுங்காலாலே வட்டமாக நடந்து, ஓரிடத்தில் நின்று, "இதில பள்ளம் இரிக்கி மனே," என்றார். எம் கண்ணுக்கு அங்கே பள்ளம் தெரியவில்லை. சிறுவன் ஒரு கூடை மண்ணைக் கொட்டினான். முதியவர் மறுபடியும் நடந்து பார்த்துத் தலையசைத்தார். அவரே அக்கூத்தின் அண்ணாவியார். வயது எண்பதைக் கடந்துவிட்டது.

மட்டக்களப்புக் கூத்திலே வடமோடி, தென்மோடி என இரு வகை உண்டென்பதை வாசகர் அறிவர். பாரதப் போர்களும் இராமாயணக் கதைகளும் பெரும்பாலும் வடமோடிக்கு உரியவை. காதலும் மணமுமாக முடியும் கதைகள் தென்மோடிக்கு. வடமோடியின் உடுப்புப் பாரமானது. அதைச் சுமந்துகொண்டு துள்ளியும் சுழன்றும் ஆடவேண்டும். இவ்வூரார் அன்று ஆட இருந்தது வடமோடியிலே பப்பிரவாகன் நாடகம். அசுவமேதக் குதிரையைத் தொடர்ந்து மணிபுரத்துக்கு வருகின்றான் அருச்சுனன். அந்நாட்டை ஆளும் பப்பிரவாகன் அவனுக்குச் சித்திராங்கதையிடம் பிறந்த மகன். தந்தையைப் பணிந்து வரவேற்கப் போனவனை, போருக்கு வராது கைகூப்பி வருகின்றாயே என்று தந்தை இகழ, மகன் வில்லெடுக்கின்றான், தந்தை வீழ்கின்றான். பின்னர் நாகமணியினால் உயிர் பெறுகின்றான் என்பது பாரதத்து அசுவமேத பருவம் சொல்லும் கதை.

இக்கூத்து இவ்வூரிலே கடைசியாக அரங்கேறியது 1983 ஆம் ஆண்டுச் சித்திரையிலே. அதன்பின் வந்த ஆண்டுகளை இங்கு விரிக்கவேண்டியதில்லை. 1990 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அண்ணாவியாரின் வீட்டு வளையிலே செருகியிருந்த ஏடும் கொப்பியும் வீட்டோடு போயின. கூத்தின் எழுத்து போயிற்று. எஞ்சியது நினைவிலே கிடந்த பாட்டு மட்டுமே. அண்ணாவியாருக்குத் தருக்களும் தாளக்கட்டுகளும் நினைவிருந்தன. சித்திராங்கதையின் புலம்பலை, அந்நாளில் அப்பாத்திரமாடி இப்போது கண்பார்வை குன்றிய ஒருவர் பாடிக் கொடுத்தார். தந்தையும் மகனும் களரியிலே எதிர்நின்று பாடும் போர்த் தருக்களை முழுமையாகச் சொல்லக்கூடியவர் ஊரிலே ஒருவரே இருந்தார். 1983 இல் பதினெட்டு வயதிலே பப்பிரவாகனாக ஆடியவர் அவர். இன்று அறுபது வயது கமக்காரர். இம்முறை அவருக்கு அருச்சுனன் வேடம்.

இவ்வாறு பலர் வாயிலிருந்து சேர்த்தெடுத்த கூத்து, இன்று மூன்று சீ.ஆர். கொப்பிகளிலே நீல மையினால் எழுதப்பட்டிருக்கின்றது. எழுதியவர் எமது நண்பர். கொப்பி பார்க்கும் பொறுப்பும் அவருக்கே. ஆட்டக்காரன் அடி மறந்தால் களரியோரம் நின்று எடுத்துக் கொடுக்கவேண்டும். அவர் அக்கொப்பிகளைப் பிளாஸ்ரிக் பையிலே சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டே அன்றெல்லாம் திரிந்தார். சாப்பிடும்போதும் கீழே வைக்கவில்லை.

அரங்கேற்றம் என்பது ஒரு நாளிலே வந்துவிடுவதன்று. அண்ணாவியார் முதலில் ஒவ்வொருவரையும் பாடவைத்து, ஆளையும் குரலையும் பார்த்துப் பாத்திரம் பகிர்ந்து சட்டம் கொடுப்பார். அதன்பின் இரவிரவாகப் பழக்கம், பின்பு கிழமைக்கூத்து, ஆட்டம் கால்களில் நின்றபின் சதங்கை அணிதல், முடிவிலே முழுக்கூத்தையும் தொடராக ஆடிப்பார்க்கும் அடுக்குப் பார்த்தல். இத்தனை படியும் ஏறிய பின்னரே களரி. விதைப்புக் காலத்திலே சட்டம் பெற்றவர்கள் அறுவடை முடியக் களரிக்கு வந்திருக்கின்றார்கள். நெல்லும் கூத்தும் ஒன்றாக விளைந்தன என்று சொன்னால் நண்பர் நகைப்பார்; ஏனெனில் அவ்வாண்டு நெல் அவ்வளவாக விளையவில்லையாம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கலையைக் கையிலெடுத்து, 1962 இல் கர்ணன் போரையும் பின்னர் இராவணேசன் முதலியவற்றையும் நகர மேடைக்கு ஏற்பச் சுருக்கி அளித்ததை இந்நாட்டு நாடக வரலாறு நன்றியுடன் நினைக்கின்றது. 1956 இலே பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' சிங்கள அரங்குக்குச் செய்ததைத் தமிழரங்குக்கு அவர் செய்ய முனைந்தார். நாமும் அவ்வழி வந்த கூத்துகளைக் குளிரூட்டிய மண்டபத்திலே மெத்தென்ற ஆசனத்தில் இருந்து கண்டு மகிழ்ந்தவர்களே. ஆனால் அங்கே மழை வருமா என்று ஒருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

இங்கே எல்லாரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை மாதத்துப் பிற்பகல்களில் இடியுடன் கூடிய மழை இப்பகுதிக்குப் புதிதன்று. மூன்று மணியளவில் மேற்கே மலைநாட்டுப் பக்கமாகக் கறுத்தது. புழுக்கம் தாங்கமுடியவில்லை. மண்களரிக்கு மழை எமன். அரை மணி நேரம் பெய்தால் போதும். அடித்து இறுக்கிய மண் சேறாகும். சேற்றிலே வடமோடி ஆட இயலாது.

உடுப்புக் கட்டுவதற்குக் களரியின் அருகேயிருந்த ஓலைக் கொட்டிலை ஒதுக்கியிருந்தார்கள். நாம் அங்கே நுழைந்தபோது அரசர்களின் உடுப்புகள் வளையிலிருந்து தொங்கின. மெல்லிய பிரம்பு வளையங்களின்மேல் துணி தைத்து, இடுப்பிலிருந்து குடைபோல் விரியும் கரப்புடுப்பு அது. மீன்பிடிக்கும் கரப்பைப் போன்றிருப்பதால் அப்பெயர். துணியின்மேல் கண்ணாடித் துண்டும் மணியும் சரிகையும் தைத்தவர்கள் ஊர்ப் பெண்கள். களரியிலே பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடுவர். ஆயினும் களரியில் மின்னுவதெல்லாம் பெண்களின் கைவேலை என்பதைப் பார்ப்போர் எத்தனை பேர் நினைப்பார்களோ நாமறியோம். பாரமில்லாத மரத்திலே செதுக்கிப் பொற்றாளும் கண்ணாடியும் பதித்த கிரீடங்கள் ஒரு வாங்கின்மேல் வரிசையாக இருந்தன. அவற்றை எடுத்துப் பார்க்க நாம் கை நீட்டினோம். "தலைக்கு வைக்கிறத கையில எடுக்கப்படாது," என்று ஒரு சிறுவன் எம்மைத் தடுத்தான். கையை இழுத்துக்கொண்டோம்.

கொட்டிலின் மூலையிலே சித்திராங்கதை நாடியைத் தடவிக்கொண்டு அமர்ந்திருந்தார். பகலில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர் அவர். அடர்ந்த மீசை. சவரக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்து நிற்க, "இன்னும் நேரம் இரிக்கி; மழ வந்து கூத்து நிண்டிற்றா நான் சும்மா மீசய வழிச்ச ஆளாப் போயிருவன்," என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு மீசையில்லாத முகம் பிடிக்காதென்று வேறொருவர் எமக்கு விளக்கம் தந்தார். இதற்குள் கொட்டில் முழுவதும் சிரிப்பு.

அருச்சுனன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் வெளியே வேப்பமர நிழலிலே பாய்மேல் கால் நீட்டி இருந்தார். வலது முழங்கால் வீங்கியிருந்தது. மூன்று நாளைக்கு முன் அடுக்குப் பார்த்த இரவிலே, சுழன்று மண்டியிடும் ஆட்டத்தில் அது பிசகியதாம். பரிசாரியார் நொச்சியிலை வதக்கி ஒத்தணம் கொடுத்துக்கொண்டிருந்தார். நகரத்து வைத்தியரோ இரண்டு வாரம் ஓய்வென்று எழுதிக் கொடுத்திருந்தார். அத்துண்டு அருச்சுனனின் வெற்றிலைப் பெட்டியிலே மடிந்து கிடந்தது.

அண்ணாவியார் தடியூன்றி வந்து அவர் அருகே குந்தினார். இருவரும் நெடுநேரம் பேசவில்லை. பின்பு அண்ணாவியார், "மகன், வரவ மட்டும் ஆடு. போர்த் தருவ நிண்ட இடத்தில நிண்டு பாடு. சபையோருக்கு நான் சொல்லிக்கிறன்," என்றார்.

அருச்சுனன் தலையை அசைத்தார். "அவன் ஆட, நான் நிண்டு பாடினா அவன் ஆரோட போர் செய்யிற, அண்ணாவியார்?"

'அவன்' என்றது பப்பிரவாகனை. அவ்விளைஞன் அருச்சுனனின் தங்கை மகன், இருபத்திரண்டு வயது. கட்டார் நாட்டிலே வேலைக்குப் போவதற்கு விசா வந்து ஒரு மாதமாகின்றது. அரங்கேற்றம் முடியட்டும் என்று பயண நாளை ஒருமுறை தள்ளிப்போட்டான். அடுத்த வியாழக்கிழமை விமானம். அரங்கேற்றத்தின்பின் ஆட்டக்காரர் வீட்டுக்கு வீடு சென்று ஆடும் வழக்கமுண்டு. அதற்கு அவன் இருக்கமாட்டான். போர்த் தருவின் ஒவ்வோர் அடியையும் மாமனும் மருமகனும் எதிரெதிரே நின்று ஆடிப் பழகியிருந்தார்கள். அவ்வாட்டத்தில் மாமனின் இடத்தை ஏற்கத் தக்க இன்னொருவர் இல்லை. கொப்பியில் பாட்டை எழுதலாம். காலை எழுதமுடியாது என்று நண்பர் எம் காதில் சொன்னார். இரண்டு இரவு கைத்தொலைபேசியிலே படம் பிடித்துப் பார்த்தாராம். இருட்டிலே சதங்கை ஒலி மட்டும் நன்றாகப் பதிந்திருந்தது.

நான்கரை மணிக்குக் காற்று எழுந்தது. வயலிலிருந்து வைக்கோலும் புழுதியும் பறந்து வந்தன. அடுத்து நிகழ்ந்ததை நாம் எளிதில் மறக்கமாட்டோம். ஒருவரும் ஒருவரையும் ஏவவில்லை. நெல் காயவிடும் படங்குகளை வீடுவீடாகச் சுருட்டிக்கொண்டு ஆண்களும் பெண்களும் ஓடி வந்தார்கள். களரியின் மேற்கட்டி வெள்ளையை அவிழ்த்தார்கள் சிலர். படங்குகளை ஒன்றின்மேல் ஒன்றாக மண்மேல் விரித்தார்கள் சிலர். ஓரங்களிலே கற்கள் கிடைக்காதபோது சிறுவர்களை வரிசையாக உட்காரவைத்தார்கள்! மழை வந்தது. பெரிய துளிகளாக, இடிமுழக்கத்தோடு, இருபது நிமிடம் பெய்தது. படங்கின் ஓரத்திலே நனைந்துகொண்டு இருந்த சிறுவர்கள் எழுந்து ஓடவில்லை. நாமும் ஒரு மூலையை அழுத்திப் பிடித்திருந்தோம் என்பதைச் சிறிது பெருமையுடனே இங்கு பதிவு செய்கின்றோம். எமது வேட்டி அன்றிரவு முழுவதும் காயவில்லை.

மழை விட்டதும் அண்ணாவியார் களரிமேல் மறுபடியும் வெறுங்காலுடன் நடந்தார். தென்மேற்கு ஓரத்திலே ஒரு முழ அகலம் நனைந்திருந்தது. உமியும் உலர்ந்த மணலும் போட்டு அடித்தார்கள். ஆனால் புதிதாக வேறொரு கவலை வந்தது. ஈரக்காற்றிலே மத்தளத்தின் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிட்டது. அண்ணாவியாரின் மகன்தான் அன்று மத்தளம். தகப்பனாரால் இப்போது விடியும்வரை நின்று வாசிக்க முடியாது. அவர் வாரை இழுத்துப் பார்த்தார், போதவில்லை. உலர்ந்த வைக்கோலை ஒரு சட்டியிலே கொளுத்தி, அதன் அனலிலே மத்தளத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இடையிடையே விரலால் தட்டிக் காதை வைத்தார். சல்லரிக்காரர் மறுபுறம் மெல்லத் தாளம் போட்டுப் பொறுத்திருந்தார். அரை மணியின்பின் மத்தளம் தன் பழைய குரலிலே பேசியபோதுதான், "இனி வழியுங்க," என்று சித்திராங்கதை சவரக்காரரைப் பார்த்துச் சொன்னார்.

பொழுது பட்டது. ஆட்டக்காரர் பல நாளாக மச்சம் விலக்கி இருந்தவர்கள்; அன்று மாலை அரை வயிற்றுக்குச் சோறும், தொண்டைக்கு இதமாக இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணீரும் மட்டுமே உட்கொண்டார்கள். தொடர்ந்து முகவேலை. முத்துவெள்ளை குழைத்துப் பூசி, கன்னத்தில் சிவப்பும் புருவத்தில் மையும் தீட்டினார் ஒப்பனைக்காரர். ஒரு கிராமத்தானின் முகம் எந்த நொடியில் அரசன் முகமாகின்றது என்று கண்டுபிடிக்க நாம் முயன்றோம். மையும் பூச்சும் அதைச் செய்யவில்லை. கிரீடம் வைத்துத் துணியால் தலையோடு இறுக்கிக் கட்டும்போதே செய்தது. கழுத்து நிமிர்கின்றது; பேச்சு குறைகின்றது; சற்று முன்வரை கைத்தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தவன் கொட்டிலின் வாசலிலே தன் நாட்டைப் பார்ப்பதுபோல் நிற்கின்றான்.

இதற்குள் திடல் நிறைந்துவிட்டது. ஈர மண்மேல் பாய்விரித்து, பிள்ளைகளைப் படுக்கவைத்து, வெற்றிலைத் தட்டத்தை நடுவே வைத்து விடியும்வரை இருப்பதற்கு ஏற்பக் குடும்பங்கள் குடியேறியிருந்தன. தங்கள் தங்கள் உறவினன் களரி ஏறும்போது கொளுத்துவதற்கென்று வெடிக்கட்டுகள் பல மடிகளிலே இருந்தன. அவை நனையாமலிருக்கச் சோற்றுப் பானைக்குள் வைத்துக் கொண்டுவந்தாள் ஒரு மூதாட்டி. ஒன்பதரை மணிக்குப் பிள்ளையார் பூசை. பின்பு அண்ணாவியார் தாமே மத்தளத்தை இடுப்பிலே கட்டிக்கொண்டு காப்புப் பாடினார். குரலிலே நடுக்கம், கையிலே நடுக்கமில்லை. பாடி முடித்து மத்தளத்தை மகனுக்குக் கட்டிவிட்டு, களரியோரத்து நாற்காலியில் அமர்ந்தார். கட்டியகாரன் வந்தான்; சபை சிரித்தது.

நாம் கொட்டிலுக்குள்ளேயே நின்றோம். அருச்சுனனின் முழங்காலிலே வெள்ளைத் துணியை இறுக்கிச் சுற்றி, அது தெரியாதவாறு மேலே பட்டுக் காற்சட்டையை இழுத்துக் கட்டினார்கள். சதங்கை கட்டினார்கள். அவர் எழுந்து வலக்காலை ஒருமுறை தரையிலே ஊன்றினார். முகத்திலே பூச்சு இருந்தமையால் வலித்ததா என்று தெரியவில்லை. உடுப்புக் கட்டியவர், "கொஞ்சம் தளர்த்தவா, அண்ணன்?" என்று கேட்டார். வேண்டாமென்று கை காட்டினார். மருமகன் சற்றுத் தள்ளி, கையிலே வில்லோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வந்து மாமனின் காலைத் தொட்டான். அவர் ஆசி ஏதும் கூறவில்லை. "மூண்டாம் தருவில நீ எப்பயும் முந்துற. இண்டைக்கு முந்தாத," என்றார். பிறகு போய்விட்டார்.

வெளியே வெடி வெடித்தது. பிற்பாட்டுக்காரர் வரவுத் தருவை எடுத்தார்கள். அண்ணாவியார் மகனை நோக்கி உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்; தாளத்தை மெதுவாக்கு என்பது அதன் பொருள். மத்தளம் தணிந்தது. ஓலைக் கீற்றின் இடைவெளியால் நாமும் பப்பிரவாகனும் பார்த்துக்கொண்டிருந்தோம். அருச்சுனன் ஒரு சுற்று மெதுவாக வந்தார். இரண்டாவது சுற்றிலே அவர் கால் மத்தளத்துக்குக் காத்திருக்கவில்லை. சதங்கை முன்னே போயிற்று. மத்தளக்காரர் தகப்பனாரைப் பார்த்தார். அண்ணாவியார் தாழ்த்திய கையை எடுத்து மடியிலே வைத்துக்கொண்டார். மத்தளம் சதங்கையைத் துரத்திப் பிடித்தது. தென்மேற்கு ஓரத்து ஈரமான இடத்தை அவர் கால் ஒவ்வொரு முறையும் தாண்டிச் சென்றதை நாம் கவனித்தோம்.

எம் அருகே நின்ற இளைஞன் கீற்றை விட்டுத் திரும்பினான். அவன் வரவுக்கு இன்னும் நெடுநேரம் இருந்தது. ஆயினும் உடுப்புக் கட்டுபவரின் முன்னே போய்த் தலையைக் குனிந்து கிரீடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இன்னும் இறுக்குங்க, மாமா," என்றான்.